தலைவர் வீட்டு வாசலில் பெரட்டு

ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பி வந்த முத்துலிங்கம் தலைவர் முதலில் காட்டியது ஒட்டகச்சிவிங்கியைத்தான். குருவிமலைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில், தினமும் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் அதே திடலில், ஞாயிற்றுக்கிழமை சனத்தைக் கூட்டிவைத்து, கைபேசியை உயர்த்திப் பிடித்துக் காட்டினார். படத்தில் தலைவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒட்டகச்சிவிங்கி மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்காவது வெட்கம் இருக்கிறதே என்று சுலக்ஷனா நினைத்துக்கொண்டாள்.

தேயிலைத் தொழிலாளர்கள் அங்கே எப்படி வாழ்கிறார்கள் என்று நேரில் கண்டறியப் போனாராம். தேயிலைத் தொழிலாளர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கண்டறிய, ஹட்டனில் மஸ்கெலியா பஸ் ஏறிக் குருவிமலைச் சந்தியில் இறங்கினாலே போதும். ஆனால் தலைவர் பஸ் ஏறுவதை விட்டு வெகுகாலம் ஆகிறது. அவரும் இதே தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர்தான். செடியை மட்டம் பார்த்து வெட்டப் பழகிய கை, பிறகு தொழிற்சங்கத்துக்குள் நுழைந்து ஆட்களை மட்டம் பார்த்து வெட்டியது. அப்படியே மாவட்டத் தலைவராகி, சட்டைப்பையில் பேனாக்களைக் குத்திக்கொண்டு திரிந்தார். அவற்றில் ஒன்றுகூட எழுதி யாரும் பார்த்ததில்லை.

சுலக்ஷனாவுக்கு அவர் பேச்சைக் கேட்க ஆசை ஒன்றும் இல்லை. அவளுக்கு வேண்டியது கூரை. பெரிய புயலில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கூரை மொத்தமாகக் கிளம்பிப் போய்த் தேயிலைக்குள் விழுந்ததிலிருந்து அவளும், கணவன் யோகேஸ்வரனும், மகள் தனுஷிகாவும் தார்ப்பாய்க்கு அடியில்தான் குடியிருக்கிறார்கள். காற்றடித்தால் பாய் எழும்பும். மழை பெய்தால் வயிறு ஊதித் தொங்கும், கழியால் குத்தித் தண்ணீரைத் தள்ளிவிட வேண்டும். பிள்ளைக்கு இழுப்பு வேறு. ஈரம் பட்டால் நெஞ்சு விசில் அடிக்கும். வைகாசி மழை பிடிப்பதற்குள் நல்ல கூரைக்குக் கீழே கொண்டுபோகாவிட்டால் இந்த முறை பிள்ளையைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

தகரம் வராமல் இல்லை. வந்தது. வெளிநாட்டு நிவாரண நிறுவனம் ஒன்று லாரி நிறைய நீலத் தகரம் அனுப்பியது. இதே களத்தில்தான் இறக்கினார்கள். வீட்டுக்கொருவர் வந்து தகரத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொன்னார்கள், படம் எடுத்தார்கள். சுலக்ஷனாவும் தன் தகரத்தைப் பிள்ளையை அணைப்பதுபோல் அணைத்துக்கொண்டு சிரித்தாள். படமெடுத்து முடிந்ததும், முறைப்படி பதிந்துவிட்டுப் பிரித்துத் தருகிறோம் என்று சொல்லித் தகரத்தையெல்லாம் திரும்ப லாரியில் ஏற்றினார்கள். அப்புறம் அது எங்கே போனது என்று யாரும் துப்புத் துலக்க வேண்டியிருக்கவில்லை. நீர்த்தேக்கத்துக்கு மேலே, எதிர்மலையில், தலைவர் கட்டிய வீட்டுக்கும் அதை ஒட்டிய விருந்தினர் விடுதிக்கும் பளபளவென்று நீலக் கூரை ஏறியது. மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள் நிமிர்ந்தால் அதுதான் தெரியும். அவரவர் கூரையை அவரவர் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே பறிக்கலாம்.

"அங்க இருக்கிற தலைவனுங்க எல்லாம் சரியான கள்ளனுங்க," என்றார் தலைவர் ஒலிவாங்கியில். "சொன்னா நம்ப மாட்டீங்க. வெள்ளத்துல வீடு போன சனத்துக்கு வந்த தகரத்த, ஒரு மந்திரி எடுத்துக்கிட்டுப் போயி ஆட்டுக் கொட்டிலுக்குப் போட்டுக்கிட்டான். ஆட்டுக்கு!"

களத்தில் இருந்த கண்கள் எல்லாம் மெல்ல எழும்பி அவர் தோளுக்கு மேலாக எதிர்மலைக்குப் போயின. நல்ல வெயில். நீலம் கண்ணைப் பறித்தது. சனம் தன்னைத்தான் இமை கொட்டாமல் பார்க்கிறது என்று நினைத்து அவர் குரலை இன்னும் உயர்த்தினார்.

"நம்ம நாட்டுல அப்பிடி நடக்குமா? நடக்க விடுவோமா?"

"விட மாட்டோம்!" என்று அவரோடு வேனில் வந்த ஆட்கள் முன்வரிசையிலிருந்து கத்தினார்கள்.

மனிதர் கொஞ்சமும் கூசவில்லை. கள்ளன் என்ற சொல் தன்னைத் தொடும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. ஒட்டகச்சிவிங்கியைப் போல் அதுவும் அங்கே மட்டும் வளரும் பிராணி என்று நினைத்திருக்க வேண்டும்.

"அதுக்கு அந்த ஊருப் பொம்பளைங்க செஞ்சதக் கேட்டா நீங்க சிரிப்பீங்க," என்று தொடர்ந்தார். "கல்லெடுத்தாங்களா, இல்ல. நெருப்பு வெச்சாங்களா, இல்ல. விடிஞ்சதும் அவன் வாசல்ல போயி உக்காந்துக்கிட்டாங்க. ஒரு கெட்ட வார்த்த கெடையாது. அங்கயே சமையல், அங்கயே சாப்பாடு. அவன் வெளிய வந்தா எந்திரிச்சு வணக்கம் சொல்றது, உள்ள போனா உக்காந்துக்கிறது. பொலிஸ் வந்தா அவனுக்கும் ஒரு தட்டு சோறு. கடைசியில மானம் போயி அந்த மனுசன் தகரத்தக் கழட்டிக் குடுத்துட்டான். என்னா அநாகரிகம் பாருங்க!"

சுலக்ஷனா எழுந்து நின்றாள். "தலைவரே, ஒரு கேள்விங்க. எத்தன நாளு உக்காந்தாங்க?"

"அது ஒரு வாரம், பத்து நாளு இருக்கும். ஏன் தங்கச்சி?"

"சும்மா கேட்டேங்க. பொது அறிவுக்கு."

யோகேஸ்வரனுக்குப் பொது அறிவில் நாட்டம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக் கல்லில் தீட்ட ஆரம்பித்தான்.

"இப்ப என்ன கவ்வாத்துக் காலமா?" என்று கேட்டாள்.

"ஆமா. எதிர்மலையில ஒரு செடி ரொம்பத் தடிச்சுப் போயிருக்கு."

"வெட்டுங்க. நல்லா வெட்டுங்க. பொலிஸ் வந்து உங்களக் கூட்டிக்கிட்டுப் போகும். அங்க கூரை இருக்கு, நனையாமத் தூங்குவீங்க. நானும் புள்ளையும் இங்க நனைவோம். அவரு ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே மாலை வாங்குவாரு. தகரம் இருந்த எடத்துலயே இருக்கும்."

தீட்டிய கை நின்றது. கோபம் அவளுக்கு மட்டும் இல்லையா என்ன? தார்ப்பாய் குத்துகிற கழியாலேயே அவர் நடுமண்டையில் ஒன்று போட வேண்டும் என்று அவளுக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் தலைவர் மண்டை உடைந்தால் அது பத்திரிகையில் வரும். தனுஷிகாவின் நெஞ்சு விசிலடிப்பது வராது. அந்தக் கணக்கு அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் மலையில் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் விஷயத்தை எடுத்தாள். சங்கத்தில் பெண்களுக்குத் தலைவியான காளியாயிக்கு யோசனை பிடித்தது, உட்காருவதுதான் பிடிக்கவில்லை.

"உக்காந்தா நமக்குச் சரிப்படாது புள்ள," என்றாள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு. "நான் தூங்கிருவேன். காலங்காத்தால நமக்கு நிக்கத்தான் தெரியும்."

"அப்ப நிப்போம் அக்கா. காலையில நாம எங்க நிப்போம்? பெரட்டுல. பெரட்டு எங்க நடக்கும்? லயத்துக்குப் பக்கத்துல. நம்ம லயத்துக் கூரை இப்ப எங்க இருக்கு?"

காளியாயி துப்ப மறந்து எச்சிலை விழுங்கிவிட்டாள்.

அடுத்த நாள் விடியும்போது தலைவர் கதவைத் திறந்தால், ரோட்டோரமாக லயத்துச் சனம் முழுக்க நின்றது. பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை. கூடை மாட்டி, கம்பளி போர்த்தி, அசல் பெரட்டு.

"வணக்கங்க தலைவரே!" என்றார்கள் ஒரே குரலில்.

"என்னம்மா, என்ன பிரச்சன?"

"பிரச்சன ஒண்ணும் இல்லீங்க," என்றாள் சுலக்ஷனா. "எங்க கூரை இங்க இருக்கில்லீங்களா, அதான் பெரட்டுக்கும் இங்கயே வந்துட்டோம்."

தலைவர் சிரித்துப் பார்த்தார். உள்ளே குரல் கொடுத்துத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வரவழைத்தார். எல்லோரும் குடித்தார்கள், தின்றார்கள், நன்றி சொன்னார்கள். சீனி கொஞ்சம் தூக்கல் என்று காளியாயி குறையும் சொன்னாள். பிறகு பழையபடி வரிசையில் நின்றார்கள். தோட்டத்தில் சங்கு ஊதும் நேரம் நெருங்கியதும் மறுபடி ஒரு வணக்கம் வைத்துவிட்டு வேலைக்கு இறங்கிப் போனார்கள்.

மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும். பிஸ்கட் நின்றது, தேத்தண்ணி நின்றது, வணக்கம் நிற்கவில்லை. தலைவர் பொலிசைக் கூப்பிட்டார். வந்த சிங்களச் சார்ஜனுக்கு என்ன குற்றம் என்று எழுதுவதென்றே புரியவில்லை. நிற்பது ரோட்டோரம். ரோடு பிரதேச சபைக்குச் சொந்தம். யார் கையிலும் கல் இல்லை. என்னதான் வேண்டும் உங்களுக்கு என்று சிங்களத்தில் கேட்டார். சுலக்ஷனா சிங்களத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கையை மேலே காட்டினாள். சார்ஜன் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்தார். வணக்கம்தானே சொல்கிறார்கள், நீங்களும் திருப்பிச் சொல்லிவிட்டுப் போங்களேன் என்று சொல்லி ஜீப்பில் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு தலைவர் காலையில் கதவைத் திறப்பதையே விட்டுவிட்டார். திரைச்சீலை மட்டும் ஆடும். மூடிய கதவுக்கு வணக்கம் சொல்வது லேசான காரியமில்லை. சனம் களைத்தது. வரிசை கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையானது. சாரல் ஆரம்பித்தது, தனுஷிகாவுக்கு நெஞ்சு கரகரக்கத் தொடங்கியது. ஆப்பிரிக்காக்காரிகளுக்குப் பலித்தது நமக்கு மட்டும் ஏன் பலிக்கவில்லை என்று சுலக்ஷனாவுக்குப் பயம் வந்துவிட்டது.

"வணக்கம் சொல்லிச் சொல்லி வாய்தான் வலிக்குது," என்றான் யோகேஸ்வரன். "நாளைக்கும் இப்பிடின்னா என்னய யாரும் தடுக்கக்கூடாது."

அந்த நாளைக்குத்தான் தலைவர் வீட்டு விடுதியில் விருந்தாளிகள் இருந்தார்கள். நீலத் தகரம் அனுப்பிய நிறுவனத்தின் ஆட்களேதான், நிவாரணம் எப்படி நடந்திருக்கிறது என்று பார்வையிட வந்திருந்தார்கள். தங்கள் தகரத்துக்கு அடியிலேயே படுத்து, ஒரு சொட்டு நனையாமல் நன்றாகத் தூங்கியும் இருந்தார்கள். தலைவருக்கு எவ்வளவு துணிச்சல் பாருங்கள்.

இது ஒன்றும் தெரியாமல்தான் காளியாயி அன்று மாயாண்டியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். பெயர் கூப்பிடாத பெரட்டு என்ன பெரட்டு என்பது அவள் கட்சி. மாயாண்டி ஓய்வு பெற்ற கங்காணி. கண் மங்கிவிட்டது, தொண்டை மங்கவில்லை. அவர் அதட்டினால் கல்யாணப் பந்தியில் இருக்கிறவர்கள்கூட இலையை விட்டு எழுந்து வரிசையில் நிற்பார்கள். வேலையில் இருந்த காலத்தில் மனிதர் அப்படி ஆட்டிவைத்திருந்தார்.

"தொடங்குங்க மாமா," என்றாள் சுலக்ஷனா.

இப்போதுள்ள ஆட்களின் பெயர் அவருக்கு எங்கே தெரியும்? தலையைத் தூக்கி, தன் காலத்து வரிசையை மனப்பாடமாக ஆரம்பித்துவிட்டார்.

"செல்லாயி!"

சனம் ஒருவரையொருவர் பார்த்தது. "செத்துப் போச்சுங்க," என்றாள் காளியாயி.

"ராக்கப்பன்!"

"இந்தியாவுக்குப் போயிட்டாருங்க."

"சோலைமலை!"

"புயல்ல மண்ணோட போயிட்டாருங்க," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சோலைமலையின் மருமகள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நிறுத்தச் சொல்லலாமா என்று சுலக்ஷனா யோசித்தாள். மாயாண்டி அதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

"சின்னக்கறுப்பன் மகன் முத்துலிங்கம்!"

"வந்தேங்க!"

குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. தாழ்ப்பாள் விழுந்தது, கதவு திறந்தது, மாவட்டத் தலைவர் சாரத்தைத் தூக்கிச் செருகியபடி ஓடி வந்தார். போர்த்திப் படுத்திருந்த கம்பளி தலையிலேயே இருந்தது. கண் பாதி மூடியிருந்தது. நேராக வந்து ஆண்கள் வரிசையின் கடைசியில், யோகேஸ்வரன் பக்கத்தில், கையைக் கட்டித் தலையைக் குனிந்து நின்றார்.

"என்னடா லேட்டு?" என்று அதட்டினார் மாயாண்டி. "இன்னைக்கு உனக்கு அரைப் பேருதான்." பிந்தி வந்தவனுக்கு அரை நாள் சம்பளம் என்பது அவர் காலத்துச் சட்டம்.

"மன்னிச்சிருங்க கங்காணி," என்றார் தலைவர். சொன்ன பிறகுதான் அவருக்கு முழுசாகத் தூக்கம் கலைந்தது.

முதலில் காளியாயியின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அப்புறம் மலையே சிரித்தது. யோகேஸ்வரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். சுலக்ஷனாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். அந்த 'வந்தேங்க' அவள் அப்பனின் குரல். அவள் குரலும் அதேதான். ஊரை ஏமாற்றி, விமானம் ஏறி, ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துவிட்டு வந்த பிறகும் அந்தப் பயம் மனிதரின் எலும்பை விட்டுப் போகவில்லை. அதைப் பட்டுத் தெரிந்தவன்தானே, எங்கள் தலையிலேயே கைவைக்க உனக்கு எப்படியடா மனசு வந்தது என்று அவளுக்கு ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

சத்தம் கேட்டு விருந்தாளிகள் கோப்பையும் கையுமாக விடுதி வாசலுக்கு வந்திருந்தார்கள். சுலக்ஷனா கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசைக்கு முன்னால் வந்தாள். பெயர் கூப்பிட்டாயிற்று, இனி வேலை பிரிக்க வேண்டியதுதான்.

"பொம்பள ஆளுங்க எல்லாம் வரிசையில நிப்போம், சாமான் கை மாத்தணும். கவ்வாத்து ஆளுங்க எல்லாம் கூரைக்கு. தகரம் எறக்குற வேல." தலைவர் பக்கம் திரும்பினாள். "நீங்களும் கவ்வாத்து ஆளுதானேங்க?"

விருந்தாளிகளில் மூத்த அம்மாள் இங்கே என்ன நடக்கிறது என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டாள். அவர் தலைவரைக் கேட்டார். தலைவர் தலையிலிருந்த கம்பளியை அவசரமாக இழுத்து மடித்தார்.

"இது இவங்க தகரந்தான். பத்திரமா இருக்கட்டும்னு மேல ஏத்தி வெச்சிருந்தேன். இன்னைக்கு எறக்கிக் குடுக்கத்தான் வரச் சொன்னேன்."

"ஆணி அடிச்சா?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"காத்துல பறந்துறக் கூடாதில்லீங்களா," என்றாள் காளியாயி, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. "எங்க தலைவரு எதுலயும் ரொம்பக் கவனம்."

பொய்யை அங்கேயே கிழித்துப் போட சுலக்ஷனாவுக்கு நாக்குத் துடித்தது. விருந்தாளிகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது என்பது அந்த அம்மாளின் முகத்திலேயே தெரிந்தது. அதைக் கேட்க இனி ஆட்கள் வருவார்கள். இப்போதைக்கு அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு மனிதர் மேலே ஏறுவாரென்றால் ஏறட்டும் என்று பேசாமல் இருந்தாள்.

யோகேஸ்வரன் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினான். தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வேனில் வந்து கத்துகிறவர்களில் ஒருவரைக்கூடக் காணவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏற ஆரம்பித்தார். பாதி தூரம் போனதும் ஈர மண்ணில் ஏணிக் கால் வழுக்கியது. "ஐயோ" என்று அவர் மேலே ஏணிக் கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கீழே யோகேஸ்வரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பிடிங்க," என்றாள் சுலக்ஷனா.

அவன் அசையவில்லை.

"என்னங்க, ஏணியப் பிடிங்க."

"விழுந்து சாகட்டும். நான் ஒண்ணும் தொடலியே."

"விழுந்தா நாம தள்ளிவிட்டதாத்தான் பேசுவாங்க. தகரமும் மேலயே கெடக்கும்." குரலைத் தாழ்த்தினாள். "புள்ளய நெனைச்சுக்கிட்டுப் பிடிங்க."

அவன் அவளை முறைத்தான். பிறகு குனிந்து, ஏணிக் காலுக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்தான். கை நரம்பெல்லாம் புடைத்தது.

"கெட்டியாப் பிடிச்சுக்க தம்பி," என்றது மேலிருந்து ஒரு நடுங்கிய குரல்.

"பிடிச்சிருக்கேன். நீங்க கழட்டுங்க."

சாரல் வலுத்தது. ஒருவரும் ஒதுங்கப் போகவில்லை. ஆணி ஒவ்வொன்றாகக் கழன்று, முதல் தகரம் மேலிருந்து சரிந்து இறங்கியபோது, அதை வாங்குவதற்கு ரோடு வரைக்கும் வரிசை தயாராக நின்றது. சுலக்ஷனா கையை நீட்டினாள்.